ஆக்கியோன் பெயரும் வழியும்: ஓர் ஆட்டப் பலகையின் வரலாறு

ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைக் கூறவேண்டும் என்பது நன்னூலார் விதி. அவற்றுள் முதலாவது ஆக்கியோன் பெயர். அதனை அடுத்து நிற்பது ‘வழி’. நூல் எதிலிருந்து வந்தது, எவருடைய ஆக்கத்தைத் தொடர்ந்து எழுந்தது என்பதை மறைக்காது சொல்லிவிடல் வேண்டும். எட்டாவதாக நிற்பது பயன். பாடசாலையில் இவ்விதியை மனனஞ் செய்த நம்மிற் பலர், பின்னர் அதனைப் பழம்புலவரின் சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிட்டோம். ஆயினும் படைப்பிலே ‘சொந்தம்’ என்பது யாது என்ற கேள்வி எழும்போதெல்லாம், நமது விமரிசனக் கட்டுரைகள் பலவற்றிலும் பார்க்க இந்த எட்டுச் சொற்களில் அதிகத் தெளிவு இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பெயரையும் வழியையும் ஒருங்கே கேட்பதுதான் இவ்விதியின் சிறப்பு. முதனூல் செய்யும் தகுதி வினைக்கட்டு அற்ற முனைவன் ஒருவனுக்கே உரியது என்றனர் இலக்கணிகள். உரைகாரர் அம்முனைவனை இறைவன் எனக் கொண்டனர். சமயப் போர்வையை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது உலகியலுக்கு மிக நெருங்கிய உண்மையொன்றாகும். மனிதர் எவரும் வெறுமையிலிருந்து எதனையும் படைப்பதில்லை. வழிநூல் செய்வோன் முன்னோரின் முடிபை ஏற்றுக்கொள்கிறான். தான் வேண்டிய விகற்பத்தையும் அதனுடன் சேர்க்கிறான். அந்த விகற்பமே அவனுக்கு உரியது. இன்று நாம் இதே கேள்வியை ‘அவருடைய சொந்தச் சரக்கா?’ என்று கேட்கிறோம். சரக்கு என்பது கடைத்தெருச் சொல் என்பதைக் கேட்பவர் எவரும் கவனிப்பதில்லை.

இலக்கியத்தில் இவ்விவாதம் பெரும்பாலும் ஆட்களைப் பற்றிய சண்டையாகவே முடிந்துவிடுகிறது. ஆதலால் இங்கு ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டின் விதிகள் சில. அவற்றை எவரும் எண்ணிப் பார்க்கலாம். அத்துடன், நான் கூறப்போகும் ஆட்டத்தின் வரலாறு நீதிமன்றத்திலே சத்தியம் செய்த சாட்சிகள் வாயிலாக வெளிவந்தது. இலக்கிய உலகில் அந்த வாய்ப்பு அரிது.

ஆட்டங்களுக்கு ஆக்கியோன் பெயர் கேட்கும் வழக்கமே மிகப் பிந்தியது. தாயத்தை ஆக்கியவர் யார்? நாயும் புலியும் ஆட்டத்துக்கு முதன்முதலிற் கோடு கீறியவர் யார்? அத்தகைய கேள்வி நம் பாட்டிமாருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். வட இந்தியாவில் ஆடப்பட்ட பச்சீசியும் அவ்வாறானதே. பத்தேபூர் சீக்ரியில் அக்பரின் அரண்மனை முற்றத்தில் அதன் கட்டங்கள் இன்றும் காணப்படுகின்றன. அந்தப் பச்சீசி சிறிது எளிமையாக்கப்பட்டு, ‘லூடோ’ என்ற பெயருடன், 1896 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆக்கவுரிமை பெற்றது. ஆக்கவுரிமைப் பத்திரத்தில் ஒரு பெயர் ஏறிய கணத்தில், எண்ணற்ற பெயரில்லாதோரின் உழைப்பு மறைந்துபோனது.

ஆனால் லூடோவின் கதை எளிமையானது. ஊரார் பொருளை ஒருவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவே. ‘மொனோப்பொலி’யின் கதை அத்தனை எளிமையானதன்று. நமது நகரங்களின் நடுத்தர வர்க்க வீடுகளில் அவ்வாட்டத்தை அறியாதோர் சிலரே. பகடை உருட்டிப் பலகையைச் சுற்றி வருவதும், தெருக்களை வாங்குவதும், வீடு கட்டுவதும், வந்து நிற்பவனிடம் வாடகை பறிப்பதும், ஏனையோர் யாவரும் ஓட்டாண்டிகளாகும் வரை ஓயாதிருப்பதும் அதன் இலக்கணம். ஏகபோகம் என்பதே அதன் பெயரின் பொருள். முதலாளித்துவத்தின் அரிச்சுவடி என்று அதனைப் பழிப்போர் நம்மிடையே உண்டு. அந்த அரிச்சுவடியை முதலில் எழுதியவர் ஏகபோகத்தின் பரம விரோதியான ஒரு பெண் என்பதை அவர்களுட் பலர் அறியார்.

எலிசபெத் மகி 1866 ஆம் ஆண்டு இலினோய் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை பத்திரிகையாளர், அடிமை முறையை எதிர்த்தவர், ஆபிரகாம் லிங்கனுடன் பழகியவர். தந்தையே மகளின் கையில் ஹென்றி ஜோர்ஜ் எழுதிய ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்ற நூலைக் கொடுத்தார். 1879 இல் வெளிவந்த அந்நூல், நிலத்தை எவரும் உற்பத்தி செய்யவில்லை, ஆதலால் நிலத்தின் வாடகை சமுதாயம் முழுவதற்கும் உரியது என்று வாதித்தது. ஏனைய வரிகளை நீக்கி நிலத்தின் மீது ஒரே வரி விதிக்கவேண்டும் என்றது. அக்கோட்பாட்டின் குறை தெளிவானதே. நிலப்பிரபுவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, ஆலை முதலாளியை வெளியே விட்டுவிட்டது. முதலாளித்துவத்தைக் காப்பாற்றும் கடைசி முயற்சி என்று 1881 இல் மார்க்ஸ் ஒரு கடிதத்தில் அதனைச் சாடினார். எனினும் ஆயிரக்கணக்கான அமெரிக்கத் தொழிலாளரும் ஆசிரியரும் தனியுடைமையைக் கேள்விக்கு உட்படுத்தக் கற்றுக்கொண்டது அந்நூலிலிருந்தே என்பதை மறுக்க முடியாது.

மகி வொஷிங்டனில் சுருக்கெழுத்தாளராகத் தொழில் செய்தார். தட்டெழுத்துப் பொறியிற் கடதாசி எளிதாகச் செல்வதற்கான ஒரு கருவிக்கு 1893 இலேயே ஆக்கவுரிமை பெற்றவர், கதைகளும் கவிதைகளும் எழுதினார், மேடையில் நடித்தார். 1906 இல், ஒரு பெண் தன் உழைப்பினால் மட்டும் வாழமுடியாத நிலையைக் கண்டிப்பதற்காக, தம்மை ‘அமெரிக்க அடிமைப் பெண்’ என வருணித்து, அதிக விலை தருவோருக்கு விற்கத் தயார் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார். பத்திரிகைகள் அதனைப் பரபரப்புச் செய்தியாக்கின.

இத்தகைய ஒருவரின் மனத்தில் உருவானதே ‘நிலப்பிரபுவின் ஆட்டம்’. 1903 இல் விண்ணப்பித்து, 1904 ஜனவரி 5 ஆந் தேதி அதற்கான ஆக்கவுரிமையைப் பெற்றார். அப்பலகையைப் பார்ப்போர் திகைப்பர். சதுரப் பலகை, ஒவ்வொரு பக்கத்திலும் கட்டங்கள், நான்கு பக்கத்திலும் நான்கு இருப்புப்பாதைகள், நிலங்களுக்கு விலையும் வாடகையும், ஒரு மூலையிற் சிறை, ஒரு மூலையிற் பொதுப் பூங்கா. பூங்காவின் அருகே ஏழைகள் விடுதி. பாண், நிலக்கரி போன்ற அத்தியாவசியப் பொருள்களுக்குரிய கட்டத்தில் வந்து நின்றால் காசு கொடுத்தே ஆகவேண்டும். ஒரு சுற்று முடிந்தால், பூமித்தாயின் மீது செய்த உழைப்புக்குக் கூலியாக நூறு டொலர். அத்துமீறிப் பிரவேசிப்பவனைச் சிறைக்கு அனுப்பும் நிலமொன்றும் உண்டு. அதன் சொந்தக்காரர் லண்டனில் வாழும் ஒரு பிரபு. நிலத்திற் கால் வைக்காமலே அதன் பலனை உண்ணும் லண்டன் பிரபுக்கள் யாரென்று, தேயிலைத் தோட்டங்களைக் கண்ட நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இவ்வாட்டத்தில் மகிக்குச் சொந்தமானது எது? பகடை அவருடையதன்று. பலகையைச் சுற்றிக் காய் நகர்த்தும் முறை மிகப் பழையது. வாடகையும் சிறையும் ஏழைகள் விடுதியும் அவர் கற்பனை செய்தவை அல்ல, தெருவிலே கண்டவை. கோட்பாடோ ஜோர்ஜினுடையது. பழைய ஓட்ட ஆட்டங்களில், கட்டம் என்பது கடந்து செல்வதற்கு மட்டுமே உரியது. மகியின் பலகையில் கட்டம் ஒருவனுக்கு உடைமையாகிறது. பின்னால் வருபவன் அதில் நிற்பதற்கே கப்பம் கட்டவேண்டியவனாகிறான். ஆடுவோரிடையிலுள்ள உறவே மாறிவிடுகிறது. இது முதல் விகற்பம்.

இரண்டாவது விகற்பம் இதனினும் பெரிது. அவர் தமது ஆட்டத்துக்கு இரு வகை விதிகளை வகுத்தார். ஒரு விதிப்படி நிலவாடகை உரிமையாளனுக்குச் செல்லும். ஒருவன் கொழுக்க ஏனையோர் நலிவர். மற்றைய விதிப்படி அதே வாடகை பொதுத் திறைசேரிக்குச் செல்லும். திறைசேரி நிறைய நிறைய, விளக்கு வசதியும் போக்குவரத்தும் பொதுவுடைமையாகும். பலகை அதுவே, காய் அதுவே, பகடையும் அதுவே. ஒரே மாலைப்பொழுதில் இரண்டு விதிகளாலும் ஆடிப் பார்த்த சிறுவன், வறுமை பகடையில் இல்லை, விதியில்தான் இருக்கிறது என்பதை எவரும் சொல்லாமலே கண்டுகொள்வான். விதி என்ற தமிழ்ச் சொல்லுக்குத் தலைவிதி, சட்டவிதி என இரு பொருள் உண்டு. முதற் பொருளில் நம்பிக்கை வைத்திருப்பவனை இரண்டாம் பொருளுக்கு அழைத்துவருவதே அந்த ஆட்டத்தின் பயன்.

நிலத்தின் ஏகபோகத்தை எதிர்த்தவர் கருத்தின் மீது ஏகபோக உரிமை பெற்றது முரண்பாடல்லவா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஜோர்ஜே 1888 இல் தமது பத்திரிகையில் இப்பிரச்சினையை ஆராய்ந்து, முன்பு தாம் கொண்ட கருத்தைத் திருத்திக்கொண்டார். பதிப்புரிமை ஒருவரின் சொந்த உழைப்பைக் காப்பது. ஆக்கவுரிமையோ மற்றொருவர் தாமாக அதே வழியைக் கண்டுகொள்வதையும் தடுப்பது. ஆதலால் முன்னது நியாயம், பின்னது அநியாயம் என்பது அவர் முடிவு. மகி தமது ஆசானின் இந்தத் திருத்தத்தைப் பின்பற்றவில்லை. வாரக்கூலிக்கு உழைத்த பெண்ணுக்குத் தன் பெயரைக் காக்க வேறு கருவி இல்லாதிருந்தது என்பதை மட்டும் நான் நினைவூட்ட விரும்புகிறேன். அக்கருவியும் அவரைக் காக்கவில்லை.

1906 இல் அச்சிட்டு வெளியிடப்பட்ட ஆட்டம் கடைகளில் அதிகம் பரவவில்லை, கைகளில் பரவியது. ஜோர்ஜின் கோட்பாட்டை நடைமுறையிற் சோதிப்பதற்காக டெலவெயர் மாநிலத்தில் 1900 இல் ஆர்டன் என்ற குடியிருப்பு நிறுவப்பட்டிருந்தது. அங்கு வாழ்ந்த இடதுசாரிப் பொருளியலாளர் ஸ்கொட் நியரிங், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். ஏகபோகத்தின் இயல்பை மாணவர்க்கு விளக்க அவர் இவ்வாட்டத்தைப் பயன்படுத்தினார். குழந்தைத் தொழிலாளர் முறையைக் கண்டித்த அவரைப் பல்கலைக்கழகம் 1915 இல் வெளியேற்றியது. ஆட்டத்தை வெளியேற்ற முடியவில்லை. மாணவர்கள் மரப்பலகையிலும் துணியிலும் கட்டங்களைக் கீறி, கையாலே விதிகளை எழுதி, கல்லூரிக்குக் கல்லூரி கொண்டுசென்றனர். ஒவ்வோர் ஊரிலும் அவ்வூர்த் தெருக்களின் பெயர்கள் ஏறின. நிலப்பிரபுவின் ஆட்டம் என்ற பெயர் தேய்ந்து, ஏகபோக ஆட்டம் என்பதே வழக்காயிற்று. நாட்டார் பாடல் ஊருக்கு ஊர் திரிவது போல ஓர் அச்சுப் பலகை திரிந்தது.

1930 அளவில் அத்லாந்திக் சிற்றியில் வாழ்ந்த குவேக்கர் ஆசிரியர்களின் கைக்கு அது வந்தது. அவர்களே அந்நகரத் தெருக்களின் பெயர்களைச் சூட்டியவர்கள். ஏலம் கூறும் முறையை விடுத்து, நிலத்தின் விலையைக் கட்டத்திலேயே எழுதி வைத்தவர்களும் அவர்களே. அந்த விலைகளைச் சற்று உற்றுநோக்கவேண்டும். பலகையில் மிக மலிவான இரு தெருக்களும், கறுப்பின மக்கள் ஒதுக்கப்பட்டு வாழ்ந்த பகுதியைச் சார்ந்தவை. விலையுயர்ந்தவை கடற்கரையோரத்துச் செல்வர் இடங்கள். நிறவெறி வகுத்த நகரப் படம் அவ்வாறே ஆட்டத்தில் உறைந்தது. பிள்ளைகளுக்கு அன்பு போதித்த நல்ல மனிதர்கள், தம்மைச் சூழ்ந்த அநியாயத்தைக் கண்ணால் அளந்து எழுதினார்கள். அது அநியாயமென்று அவர்களுக்குத் தோன்றியதா என்பதைப் பலகை சொல்லவில்லை.

இங்குதான் சாள்ஸ் டரோ வருகிறார். பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த விற்பனைப் பிரதிநிதி, பிலடெல்பியாவில் வாழ்ந்தவர். நண்பரொருவர் வீட்டில் இவ்வாட்டத்தை ஆடினார். விதிகளை எழுதித் தருமாறு அந்நண்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எண்ணெய்த் துணியிற் கட்டங்களைக் கீறி விற்கத் தொடங்கினார். ஓவியரொருவரைக் கொண்டு படங்களைச் சேர்த்தார். மந்தகாலத்தில் வயிற்றுக்கு வழி தேடிய மனிதனை நான் கடுமையாகப் பேச விரும்பவில்லை. ஆனால் 1935 இல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டுக் கம்பனி அதனை வாங்கியபோது, இது தாமே ஆக்கியது என்று அவர் உறுதி கூறினார். அவ்வாண்டு டிசம்பர் 31 ஆந் தேதி அவர் பெயரிலே ஆக்கவுரிமையும் வழங்கப்பட்டது. களவுக்குச் சாட்சி பலகையிலேயே இருந்தது. அத்லாந்திக் சிற்றிக்கு அருகே மார்கேட், வென்ட்னர் என்ற இரு ஊர்களின் பெயரிலிருந்து பிறந்த ‘மார்வென்’ தோட்டம் என்ற இடம் உண்டு. நண்பர் எழுதிய பிரதியில் அது ‘மார்வின்’ எனப் பிழையாக இருந்தது. டரோவின் பலகையிலும் ‘மார்வின்’ என்றே இருந்தது. ஏடெழுதுவோர் செய்த பிழையைக் கொண்டு பிரதிகளின் உறவைக் காணும் நமது பதிப்பாசிரியர் முறைக்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

கம்பனி வழியை அறியாதிருக்கவில்லை. அறிந்ததனாலேயே 1935 இன் இறுதியில் மகியிடமிருந்து, 1924 இல் அவர் இரண்டாம் முறை பெற்றிருந்த ஆக்கவுரிமையை வாங்கியது. விலை 500 டொலர். விற்பனையிற் பங்கு இல்லை. தமது ஆட்டம் இனியேனும் உலகெங்கும் பரவுமென்று அவர் முதலில் மகிழ்ந்தார். கடைகளில் வேறொருவர் பெயருடன் மொனோப்பொலி குவிந்ததைக் கண்டதும், 1936 ஜனவரியில் பழைய பலகைகளைக் கையில் ஏந்தி வொஷிங்டன் பத்திரிகைகளுக்குப் பேட்டியளித்தார். செய்தி வந்தது, மறக்கப்பட்டது. கம்பனி 1939 இல் நிலப்பிரபுவின் ஆட்டத்தையும் பேருக்கு வெளியிட்டது. 1940 குடிசன மதிப்பீட்டின்போது, 74 வயதை நெருங்கிய மகி, தமது தொழில் ‘ஆட்டங்கள் ஆக்குதல்’ என்று பதிந்தார். வருமானம் என்ற இடத்தில் பூச்சியம். 1948 இல் இறந்தார்.

டரோ பெருஞ் செல்வரானார். வேலையற்ற மனிதன் சமையலறை மேசையில் ஒரு நாள் கண்ட கனவு என்ற கதை, பல்லாண்டுக் காலம் ஆட்டப் பெட்டியுடன் அச்சாகி வந்தது. அதுவே அந்த ஆட்டத்தின் பாயிரம். ஆக்கியோன் பெயர் பொய், வழி இல்லை, பயன் தலைகீழ். இரண்டாவது விதியைக் கம்பனி விட்டுவிட்டது. வாடகையும் சிறையும் ஓட்டாண்டித்தனமும், அதாவது மகி உலகத்திலிருந்து எடுத்துக்கொண்ட பகுதி மட்டும், ‘சுயமான படைப்பு’ என்ற முத்திரையுடன் விற்கப்பட்டது. உண்மையிலே சுயமாயிருந்தது குப்பைக்குப் போனது. பிரித்தானியாவில் அதனை வெளியிட்ட கம்பனி லண்டன் தெருக்களின் பெயர்களைப் பொறித்தது. லண்டன் பிரபுவை எள்ளிப் பிறந்த ஆட்டம், லண்டன் தெருக்களை வாங்கும் ஆசையைக் குடியேற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு ஊட்டியது.

உண்மை வெளிவந்தது ஒரு விபத்தினாலே. நாசிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்த பொருளியற் பேராசிரியர் ரால்ப் அன்ஸ்பாக், 1973 இல் சான்பிரான்சிஸ்கோவில் ‘ஏகபோக எதிர்ப்பு’ என்று ஓர் ஆட்டம் வெளியிட்டார். மகி என்ற பெயரையே அவர் அப்போது அறியார். வியாபாரக் குறியைக் காட்டிக் கம்பனி மிரட்டவே, வழக்கு எழுந்தது. தமது பக்கத்துக்குச் சான்று தேடிய பேராசிரியர், முதிய குவேக்கர்களையும் பழைய துணிப் பலகைகளையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். 1977 இல் கீழ் நீதிமன்றம் கம்பனிக்கே சார்பாகத் தீர்த்தது. அவ்வாண்டு ஜூலை 5 ஆந் தேதி மினசோட்டாவில் அவருடைய ஏறத்தாழ 40,000 ஆட்டப் பெட்டிகள் குப்பை மேட்டிற் புதைக்கப்பட்டன. நூலெரிப்பைக் கண்டு ஓடிவந்த ஒருவருக்கு அக்காட்சி எவ்வாறிருந்திருக்கும்! அவர் விடவில்லை. 1982 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. 1983 இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பில் தலையிட மறுத்தது. 1984 இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, அத்தகைய தீர்ப்பு மீண்டும் பிறவாதவாறு வழி செய்துவிட்டது. சொத்துடைமைக்கு இடையூறு நேர்ந்தாற் சட்டவிதி எத்தனை விரைவாக மாறுகிறது!

இவ்வழக்கு நமக்கு இன்னொன்றையும் உணர்த்துகிறது. கம்பனியின் வாதம், ஒரு தனிமனிதரின் மேதைமையில் ஆட்டம் பிறந்தது என்பது. பேராசிரியரின் வாதம், அது ஊரார் சொத்து, பெயர்களுள் எதுவும் எவருக்கும் தனியுரிமை அல்ல என்பது. இரண்டாவது வாதம் முற்போக்கானது. என் அனுதாபமும் அப்பக்கமே. ஆயினும் ‘எல்லாம் மக்கள் படைப்பு’ என்று பொத்தாம் பொதுவாகக் கூறுவதில் ஓர் ஆபத்து உண்டு. குவேக்கர்கள் விலை எழுதினார்கள், மாணவர்கள் தெருப்பெயர் மாற்றினார்கள், டரோ படம் சேர்த்தார். இவை யாவும் உழைப்பே. ஆனால் இரண்டு விதிகளை ஒரே பலகையில் வைத்தவர் ஒருவர். அவருக்கு ஒரு பெயர் உண்டு. மக்களின் பெயரால் அப்பெயரைக் கரைத்துவிட்டால், கம்பனி செய்த வேலையையே நாமும் வேறு வழியிற் செய்தவராவோம். நமது இலக்கிய விவாதங்களிலும் இத்தவறு இல்லாமலில்லை. பெயரில்லாத பெண்களின் ஒப்பாரியையும் தாலாட்டையும் ‘நாட்டார் ஆக்கம்’ என்று தொகுத்து, தொகுத்தவர் பெயரைப் பெரிய எழுத்தில் அட்டையிற் போடும் வழக்கம் எவருக்குப் புதிது?

அத்லாந்திக் சிற்றி நகரம் 1970 இல் கடற்கரை நடைபாதையருகே டரோவுக்கு நினைவுப் பலகை பதித்தது. மகியின் இரு ஆக்கவுரிமைகளும் காலாவதியாகி நெடுங்காலமாயிற்று. நிலப்பிரபுவின் ஆட்டத்தை, அந்த இரண்டாவது விதியோடு, ஒரு துணியும் மையும் கொண்டு எந்த வகுப்பறையிலும் இன்று எவரும் ஆக்கிக்கொள்ளலாம். பார்க்கர் பிரதர்ஸோ 1995 ஆம் ஆண்டு மார்வென் தோட்டக் குடியிருப்பாளரிடம் முறைப்படி மன்னிப்புக் கோரியது. அவர்கள் ஊரின் பெயரில் ஓரெழுத்தைப் பிழையாக அச்சிட்டு வந்தமைக்காக.